நொண்டிக் கோழி

சோபாவை மகள் ஒற்றை ஆளாகச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள். அறையின் நடுவில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். அவரைச் சுற்றி ஆட்கள் வட்டமாக நிற்க இடம் வேண்டும் என்று பல் டாக்டர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். அப்பாவின் சிரிப்பு யோகா வகுப்பில் அவர்தான் மூத்த மாணவர். மூன்று மணிக்கு மயானத்துக்கு வண்டி வந்துவிடும்.

"இருக்கிற கூத்துல இது வேறயா?" என்றாள் மகள்.

"வரட்டும்டி," என்றாள் அம்மா. "உங்கப்பா எப்படிச் சிரிப்பார்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கிறேன்."

அம்மா ஜன்னலோர நாற்காலியில், முழங்காலுக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் அவள் இடது காலை அரைகுறையாகத்தான் திருப்பிக் கொடுத்திருந்தது. பேச்சும் கடைசியில் கொஞ்சம் குழறும்.

அந்த வருஷம்தான் அப்பா கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்று யோகாவில் விழுந்தார். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு வேர்த்துக் கொட்டும் சூட்டு அறை யோகா. பிறகு மூச்சுப் பயிற்சி. பிறகு பத்து நாள் வாயே திறக்காமல் உட்காரும் தியானம். அதை எதற்கு வெளியே போய்க் கற்க வேண்டும் என்று மகளுக்குப் புரியவில்லை, வீட்டில் முப்பது வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தார். கடைசியில் சிரிப்பு யோகாவில் போய் நின்றார். தானே மாஸ்டர் ஆனார். தினமும் காலை ஏழு மணிக்குப் பூங்காவில் வகுப்பு.

என்னையும் கூட்டிக்கொண்டு போங்களேன் என்று அம்மா எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "உனக்கு அதெல்லாம் ஒத்துவராது" என்பார், செருப்பை மாட்டிக்கொண்டே. நேற்று வகுப்பு முடிந்து வந்து, அதே செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை.

பதினொரு மணிக்கு இருபது பேர் வந்தார்கள். பல் டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எங்களுக்கெல்லாம் சிரிக்கச் சொல்லித் தந்தவரும்மா. அழுது அனுப்ப மனசு வரல. நீங்க தப்பா நினைக்கக் கூடாது."

"நினைக்க மாட்டேன். சிரிங்க."

கைதட்டி, ஹோ ஹோ ஹா ஹா என்று தொடங்கினார்கள். முதலில் ஒப்புக்குத்தான். இரண்டு நிமிஷத்தில் நிஜமாகவே சிரிப்பு பற்றிக்கொண்டது. அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அவரும் இப்படித்தான் சிரிப்பாரா?"

"இதவிடச் சத்தமா. பூங்கா வாசல் வரைக்கும் கேக்கும்."

அம்மாவின் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது. யாருக்கோ கொடுத்துவிட்டுப் போன சிரிப்புக்கு இவள் பூரிக்கிறாளே என்று மகளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அடுத்து மாஸ்டரோட ஸ்பெஷல்," என்றார் பல் டாக்டர். "நொண்டிக் கோழி. வேற எந்த வகுப்புலயும் கிடையாது. அவரே கண்டுபிடிச்சது."

இருபது பேரும் ஒருவர் பின் ஒருவராக நின்று, வலது காலைத் தரையில் தேய்த்து இழுத்தபடி பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒரு கை, அங்கே இல்லாத சுவரைத் தடவியது. இன்னொரு கை எதையோ தேடி மார்பைத் தட்டியது, இடுப்பைத் தட்டியது. "எங்க வச்சேன், எங்கதான் வச்சேன்" என்று எல்லோரும் நாக்குழறிப் புலம்பினார்கள். மூன்றாவது சுற்றில் மூக்குக் கண்ணாடி தலைமேலேயே இருப்பதாகக் கண்டுபிடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பருத்த ஆள் ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தினமும் காலையில் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை இந்த வீட்டில் நடக்கிற நடை அது. அந்தக் கை, அந்தப் புலம்பல், கடைசிச் சொல்லில் வரும் குழறல்கூடத் தப்பவில்லை. பெண்டாட்டி முகத்தை நிமிர்ந்தே பார்க்காத மனுஷன், பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறார். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

"போதும், நிறு..." என்று எழுந்தவளின் மணிக்கட்டை அம்மா பிடித்துக்கொண்டாள். வலிக்கும்படி பிடித்தாள்.

பல் டாக்டர் மூச்சு வாங்க அருகில் வந்தார். "நீங்களும் ஒரு சுத்து வாங்களேம்மா. மாஸ்டர் சந்தோஷப்படுவாரு."

அம்மா போர்வையை மடித்து நாற்காலிக் கையில் போட்டாள். எழுந்து, சுவரில் கை வைத்து, காலை இழுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள்.

"அடேங்கப்பா, அப்படியே மாஸ்டர் மாதிரி," என்றது ஒரு குரல். "வீட்லயும் சொல்லித் தந்திருக்காரு போல." கைதட்டினார்கள்.

அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் ஓயும் வரை பார்த்தாள். பிறகு பல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கால் இல்ல தம்பி. இடது கால்."

பல் டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஆமா, எங்களுக்கு எதிர நின்னுல்ல செஞ்சு காட்டுவாரு. நாங்க மாத்திப் பிடிச்சுக்கிட்டோம். மன்னிச்சுக்குங்கம்மா." பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் இடது கால். முதல்லேர்ந்து."

இருபது பேரும் காலை மாற்றிக்கொண்டார்கள்.