பறி கவ்வும் பல்

அங்காளம்மாளுக்குத் திருக்கையைக் கண்டு பயமில்லை, பாம்பைக் கண்டும் பயமில்லை. ஒரு பல் போய்விடுமோ என்றுதான் பயந்து செத்தாள்.

பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள்; பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியின் கயிறு பல்லில் இருக்கும். இடுப்பில் கட்டினால் பறி முழுகி, பிடித்ததெல்லாம் துள்ளி ஓடிவிடும். அங்காளம்மாளுக்குக் கவ்வுவதற்கென்று முன்வாயின் மேல்வரிசையில் மிச்சமிருந்ததே ஒரு பல். அதன் வேரில் சீழ் கட்டி முகம் வீங்கிக் கிடந்தது. ஒல்லாந்து வெள்ளைக்காரர் கோட்டை வைத்தியனிடம் போனால் குறடால் பிடுங்கிவிடுவான். அப்புறம் புருஷன் கருப்பன் ஒருத்தன் பிடிக்கிற இறாலில் உலை கொதிக்குமா?

அதனால்தான் ஏரிக்கரையில் உட்கார்ந்து பவழமணிக்குத் துளை போடும் பொன்னுரங்கத்திடம் வந்தாள். பல்லின் வேரைக் குடைந்து, சீழை வடித்து, மெழுகு வைத்து அடைக்கத் தெரிந்தவன் அவன். கருப்பனுக்கு எப்போதோ விழுந்த இரண்டு பற்களை, ஊசியைச் சோதித்துப் பார்க்கப் பொன்னுரங்கம் கேட்டபடியே முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

முதல் பல்லை இடுக்கியில் வைத்து, வில்லால் சுழற்றும் தமரூசியை அதில் ஊன்றினான். வில்லை இழுக்க இழுக்க ஊசி விர்ரென்று சுழன்று இறங்கியது. கருகல் வாடை வந்தது. பட்டென்று பல் இரண்டாகப் பிளந்தது.

"வேரு வளைஞ்சிருக்கு, இந்த ஊசி நேராத்தான் போவும்" என்றான்.

அடுத்த பல்லில், விரலால் உருட்டும் மெல்லிய ஊசியை விட்டான். அது மெதுவாக, வேரின் வளைவுக்கு வளைந்துகொடுத்து, மறுநுனியில் எட்டிப் பார்த்தது. பல் முழுசாக இருந்தது.

"இதாலயே பண்ணு சாமி."

"பண்றேன். ஆனா நடுவுல கடிச்சேன்னு வெச்சுக்கோ, முறிஞ்சி உள்ளயே நின்னுபூடும். அப்பால என்னால எடுக்க முடியாது."

"கடிக்க மாட்டேன் சாமி."

ஆனாலும் பயம் விடவில்லை. தண்ணீரில் கால் பட்டால்தான் மனசு நிற்கும் என்று கெஞ்சி, படித்துறையில் ஏரிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஊசி உள்ளே இறங்கியது. சீழ் வடிந்தது. எத்தனையோ நாள் வலி மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது. அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

காலில் ஏதோ வழுவழுவென்று உரசியது.

தண்ணீரில் எது உரசினாலும் வாயைத் திறக்கக் கூடாது, கயிற்றை இன்னும் இறுக்கிக் கவ்வ வேண்டும். இறால் பிடிக்கிறவர்களின் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுவது அது. அங்காளம்மாள் இறுக்கிக் கவ்வினாள். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"அடிப்பாவி!"

பொன்னுரங்கத்தின் கையில் பாதி ஊசிதான் இருந்தது. காலடியில் ஒரு பாசிக்கொத்து மிதந்து போயிற்று.

அவன் மெழுகு வைத்து அடைத்தான். "வலிக்குதா?"

"இல்ல சாமி."

"பல்லு நிக்கும். ஆனா இறுக்கிக் கடிச்சே, உள்ள கீற ஊசி வேரைப் பொளந்துபூடும்."

வீக்கம் வற்றியதும், பறிக்கயிற்றை மெல்லக் கவ்விக்கொண்டு கருப்பனோடு ஏரியில் இறங்கினாள். நல்ல பாடு, துழாவிய இடமெல்லாம் இறால். பறி கனத்தது, கனக்கக் கனக்கக் கயிறு பல்லை இழுத்தது. பல்லுக்குள் அந்த முறிந்த ஊசி இருப்பதையே நினைத்துக்கொண்டு துழாவினாள்.

தொடையில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. தாடை தானாக இறுகப் பார்த்தது. ஐயோ, பல் பிளந்துவிடும்! வாயைத் திறந்துவிட்டாள்.

"கவ்வுடி அங்காளி! கவ்வு!" என்று கத்தினான் கருப்பன்.

பறி கவிழ்ந்து, இறால்கள் துள்ளிப் போய்க்கொண்டிருந்தன. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பல் பத்திரமாக இருந்தது.