காலை ஆறு மணிக்கு இரண்டு குரல்

பதினோரு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசியவன், ஒரே நாள் அவகாசத்தில் போட்டி வானொலிக்குத் தாவிவிட்டான். 'காலை அக்கா' தனியாளாக நின்றாள். நேயர்கள் வைத்த பெயர் அது. ஆறிலிருந்து ஒன்பது வரை ஊரை எழுப்பி வேலைக்கு அனுப்புகிறவள் அவள்தான்.

"உனக்கு ஜோடியை நீயே தேர்ந்தெடு," என்றார் நிலைய மேலாளர். "விளம்பரதாரருங்க இப்பவே முகத்தைத் தூக்கி வெச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஒரு பேர் வேணும்."

நாற்பது விண்ணப்பங்களை வடிகட்டியதில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி சிட்டு; அங்கேயே போக்குவரத்துச் செய்தி வாசிப்பவள், பேச ஆரம்பித்தால் மூச்சுவிட மறந்துபோகிறவள். இன்னொருவர் பல்டாக்டர். நிஜமாகவே பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து பழைய பாட்டு போடுவார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், பதில் வராவிட்டாலும் அசராத மனிதர்.

வாரம் முழுக்க இருவரையும் மாற்றி மாற்றிப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். சிட்டு பயத்தில் வார்த்தைக்கு வார்த்தை "ஆமாக்கா" போட்டாள். டாக்டரோ மரியாதை பார்த்து, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். இரண்டும் உப்புச்சப்பில்லாமல் போயின.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும், குரல் அளவு பார்க்க ஒலிப்பதிவாளர் அந்த இருவரையும் ஒன்றாக மைக் முன்னால் உட்காரவைத்தார். அக்கா ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"சும்மா ஏதாவது பேசுங்க," என்றார் ஒலிப்பதிவாளர்.

"டாக்டர், உங்களுக்குப் பல்லு வலிச்சா யார்கிட்ட போவீங்க?" என்று ஆரம்பித்தாள் சிட்டு.

"என் பொண்டாட்டிகிட்ட. அவளும் பல்டாக்டர்தான்."

"ஐயோ! சண்டை போட்ட மறுநாள் போயிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. மரத்துப்போற ஊசி தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டா."

அக்கா தன்னை மறந்து சிரித்துவிட்டாள். நான்கு நிமிடம் அப்படியே ஓடியது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்தார். ஒரு சொல்கூடக் கீழே விழவில்லை. சிரிப்பு அடங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஜோடி கிடைத்துவிட்டது. அதில் அவள் இல்லை.

ஒலிப்பதிவாளரும் அதைப் புரிந்துகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இது வெறும் அளவு பார்க்க எடுத்தது. அழிச்சிடவா?"

மணி பத்தாக ஏழு நிமிடம் இருந்தது. பதிவைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு மேலாளர் அறைக்கு நடந்தாள்.

மேலாளர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "யாரு?"

"சிட்டு," என்றாள்.

"நல்லது. நீயும் சிட்டும்." அவர் எழுத ஆரம்பித்தார். அவள் எழுந்தாள், கதவுவரை போனாள், கைப்பிடியையும் பிடித்தாள். திருகத்தான் முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம். இதைக் கேளுங்க."

கைபேசியை மேசைமேல் வைத்தாள். மேலாளர் ஒரு முறை கேட்டார். சிரிக்கவில்லை. இன்னொரு முறை கேட்டார். பிறகு எழுதிய தாளை மெதுவாகக் கிழித்தார். அந்தச் சத்தம் அவளுக்கு எங்கேயோ சுருக்கென்று தைத்தது.

"இதை நீ கொண்டுவரலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"இருக்காது சார்."

"அப்ப உன்னை என்னம்மா பண்றது?"

"அதான் எனக்கும் தெரியல."

வீட்டில் சொன்னபோது கணவன் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டான். "உனக்கென்ன பைத்தியமா? யாராவது உக்காந்திருக்கிற நாற்காலியைத் தானே எடுத்துக் குடுப்பாங்களா?"

"எடுத்துக் குடுத்துட்டேன். இப்ப திட்டி என்ன ஆகப்போவுது?"

பள்ளிப் பையை அடுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அம்மா, அப்ப இனிமே காலைல நீ வீட்லயா இருப்பே? எனக்கு அப்பாவே தலை பின்னட்டும். நீ இழுத்து இழுத்துப் பின்னுவே."

கணவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் மேலாளரே அழைத்தார். மூன்று மாதம் கண்ணாடிக்கு இப்புறம் இருந்து அந்த இருவரையும் வழிநடத்தவேண்டும். அதன்பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' எதுவாகவும் இருக்கலாம். ஆனாலும் சரி என்றாள்.

திங்கட்கிழமை ஆறு மணி. முகப்பிசை முடிந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. சிட்டு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சிட்டுவைப் பார்த்தார். இரண்டு வாயும் திறக்கவில்லை.

ஒரு நொடி. இரண்டு. மூன்று. ஒலிப்பதிவாளரின் கை பாட்டுப் பொத்தானுக்குப் போனது. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, அவர்கள் காதில் மட்டும் கேட்கும் மைக்கில் குனிந்தாள்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

சிட்டு பொங்கிச் சிரித்துவிட்டாள். "டாக்டர், என் காதுக்குள்ள யாரோ சாப்பிட்டியான்னு கேக்கறாங்க!"

"எனக்கும் கேட்டுது. நான் பல்லே இன்னும் வெளக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

தொலைபேசி விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டத் தொடங்கின. அக்கா மைக்கை அணைத்துவிட்டு முதல் அழைப்பை எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க. உங்க பேரு?"