காற்று கேட்காத சொல்

வால்டர் கிரேடி "ஆக்‌ஷன்" என்றால் காற்று வீசும். "கட்" என்றால் நின்றுவிடும். குதிரையிலிருந்து விழும் வேலைக்காக அமெரிக்க சினிமாவுக்கு வந்து இயக்குநரானவர் அவர். வரிசையாக கவ்பாய் படங்கள் எடுத்தார். அவற்றுக்கு மவுசு குறைந்ததும் கார்கள் பறக்கும் சண்டைப் படங்களுக்கு மாறினார். காற்றும் கூடவே மாறியது. புழுதிதான் அவர் பாணி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். நடிகையான அவர் மனைவி எலனோர் மட்டும் அவர் படம் எதிலும் இல்லை. கூந்தல் பறந்து முகத்தை மூடிவிடும், காட்சியை வெட்டிவிடுவார்கள். அவள் இறந்தபின், ஒரு பெண் வாசலில் அமர்ந்து நிதானமாகத் தலைவாருவதை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டுமே கிழவருக்கு மிஞ்சியது.

அதற்காக அபுதாபியில் ருவைஸுக்குத் தெற்கே மணலில் செட்டாக ஒரு மர ஊர் எழும்பியது. ருவைஸ் எண்ணெய் ஆலையில் சாரம் கட்டும் கமுதிக்காரன் முனியசாமியை கம்பெனி அங்கே அனுப்பியது. வாசல்நிலை ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது அவன் டியூட்டி. கிழவர் "ஆக்‌ஷன்" சொன்னார், காற்று வந்தது. உதவியாளர் சொன்னாலும் வந்தது. ஸ்பானிஷும் அதற்குத் தெரிந்திருந்தது, மெக்சிகோவில் எடுத்த படங்களால். கையசைத்தாலும் வந்தது. இன்றோடு கலாஸ், எல்லாம் முடிந்தது என்றார் தயாரிப்பாளர்.

அன்று மாலை கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருந்தார். முனியசாமிக்குத் தோள் மரத்துப்போனது.

"ஆரம்பிங்கப்பா, கை கழண்டுருச்சு."

அதுதான் உத்தரவு என்று நினைத்து நடிகை சீப்பை எடுத்தாள். காற்று வரவில்லை. அதற்குத் தமிழ் தெரியாததாலா, அது உத்தரவே இல்லை என்பதாலா, யாரும் ஆராயவில்லை. நரைத்த கூந்தலில் சீப்பு மெல்ல இறங்கியது. முனியசாமிக்குப் பலகை இடுக்கில் கிழவரின் முகம் மட்டும் தெரிந்தது. அது அழுதுகொண்டிருந்தது.

"சோலி போச்சுடா" என்றான்.

"மூச்சு விடாதண்ணே" என்றான் பக்கத்தில் நின்ற சரவணகுமார்.

கிழவர் "கட்" சொல்லவே இல்லை. வெளிச்சம் போகும்வரை அவள் வாரினாள். பிறகு அவர் வந்து முனியசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். எலனோர் என்ற பெயரைத் தவிர அவனுக்கு எதுவும் புரியவில்லை. "பரவால்ல சார்" என்றான். எலனோர் யார் என்ற விவரத்தைப் பிறகு உதவியாளர் இந்தியில் சொன்னார்.

கிழவர் ஊருக்குத் திரும்பினார். அதன்பின் படம் எடுக்கவில்லை. படம் வெளியானதும் முனியசாமியின் மனைவி நாகவள்ளி போனில் கேட்டாள்.

"அந்தம்மா தல வாருறதயே பாத்துக்கிட்டு இருந்தேன். யாருங்க அது?"

"டைரக்டரு சம்சாரத்துக்காக எடுத்தது."

"அவங்க வந்திருந்தாகளா?"

முனியசாமிக்குப் பலகை இடுக்கில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது.

"வந்திருந்தாக" என்றான்.