நீள மேசையில் யாரும் கை வைக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து கிடைத்தது. சங்கரன்கோவிலில் புளியங்குடி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே, புதிதாகத் திறந்த அழகான சின்ன விடுதி. அதன் உணவறைக் கண்ணாடிக்குள் நீளமாக ஒரு மேசை. இருபுறமும் விசேஷத்துக்கு வந்தவர்களைப் போல உடுத்திய மனிதர்கள். ஒவ்வொருவர் முன்னும் சின்னக் குவளையில் ஏதோ ஒன்று. யாரும் அதைத் தொடவில்லை.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். உள்ளே போய் விசாரித்திருக்கலாம். அது எனக்கு வராது. அதனால் மீதியை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சங்கரன்கோவில் வட்டாரத்தின் உணவு மரபு மிகத் தொன்மையானது. அதன்—'

(விட்டுவிட்டேன். பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் இப்படிப் பேசக் கூடாது.)

இரண்டாவது: 'வேல்விழியின் கண்களில் நீர்—'

(அதற்குள்ளாகவா?)

மூன்றாவது: 'வேல்விழி ரசத்தை அனுப்பிவிட்டுக் காலிக் குவளைகளுக்காகக் காத்திருந்தாள். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.'

இது நிற்கட்டும்.

3

வேல்விழி கொச்சியில் பெரிய விடுதி ஒன்றில் சமைத்தவள். சொந்த ஊர்ச் சாப்பாட்டை ஏழு சுற்றாக, ஒவ்வொன்றும் கொஞ்சமாக, ஒன்றன் ருசி அடங்கியபின் அடுத்தது என்று பரிமாற வேண்டும். இதுதான் அவள் ஆசை. எலுமிச்சை ரசத்தில் தொடங்கி உளுந்தங்களியில் முடியும். விடுதியின் முதலாளி காசிராஜன் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் கொடுத்தார்.

"நம்மூரு ஆளுவளக் கூப்பிடுதேன் மக்கா. அவுக நல்லாருக்குன்னா மாசாமாசம் நடத்துவோம். இல்லன்னா கோவிச்சுக்கிடாத, இந்த ஹாலைச் செல்போன் கடைக்கு விட்டுருதேன். அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

ஹால் போனால் அவள் மறுபடி கொச்சிக்குப் போக வேண்டும். போக அவளுக்கு விருப்பமில்லை. (காரணம் ஒன்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சொந்த ஊரில் இருக்க ஆசைப்படுவதற்குக் காரணமும் கேட்பார்களா?)

4

பரிமாறப் போன பாண்டியராஜ் வெறுங்கையோடு திரும்பினான்.

"யக்கா, ஒருத்தரும் தொடல."

"நல்லாயில்லையாமா?"

"வாயில வச்சாத்தான தெரியும்? சும்மா பாத்துக்கிட்டே இருக்காவ."

"எதப் பாக்காவ?"

"ஒருத்தர ஒருத்தர்."

அவள் இரண்டாவதை அனுப்பினாள்: காசளவு உளுந்து வடை, மேலே கெட்டித் தயிர். பிறகு கூட்டாஞ்சோறு, உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்தில். போனவை எல்லாம் போன இடத்திலேயே இருந்தன.

(இங்கே ஒரு பொருள் எப்படி வெப்பத்தை இழக்கிறது என்று ஒரு பத்தி இருந்தது. படித்த படிப்பு வீணாகக் கூடாதே என்று எழுதியது. நீக்கிவிட்டேன். ரசம் ஆறிவிட்டது, அவ்வளவுதான்.)

5

இந்த இடத்தில் உதவிக்கு ஒருவரைக் கொண்டுவந்தேன். சித்தீக், கடையநல்லூர்க்காரர், துபாயில் பல வருஷம் இருந்தவர். இந்த மாதிரி விருந்தெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் எழுந்து விளக்குவார், எல்லோரும் சாப்பிடுவார்கள். அதுதான் என் திட்டம்.

அவர் எழவில்லை. எத்தனை முறை எழுதினாலும் உட்கார்ந்தே இருக்கிறார். பக்கத்தில் கோமதியம்மாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கையை மடியில் வைத்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு இவர் எப்படிக் குவளையை எடுப்பார்?

"துபாயில இத வந்ததும் குடிச்சிருவாங்க டீச்சர்."

"அப்ப குடிங்களேன்."

"மொதல்ல நீங்க எடுங்க."

"எல்லாம் வரட்டும்."

அப்போதுதான் எனக்கே புரிந்தது. தனித்தனி மேசை என்றால் அது ஓட்டல். வந்ததை வந்தபடி சாப்பிட்டிருப்பார்கள். வேல்விழி, பார்க்க அழகாக இருக்குமே என்று, மேசைகளை எல்லாம் சேர்த்து ஒன்றாக்கிவிட்டாள். சேர்ந்ததும் அது பந்தி ஆகிவிட்டது. பந்தியில் எல்லாம் பரிமாறி, வீட்டுக்காரர் வந்து 'சாப்பிடுங்க' என்று சொல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

வீட்டுக்காரர் காசிராஜன். அவரும் மேசையின் நடுவில் உட்கார்ந்து, யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்.

6

கடைசியில் கோமதியம்மாள்தான் கேட்டார். "ஏ காசி, வீட்டுக்காரனே மொதப் பந்தில உக்காந்துட்டா, சாப்பிடுங்கன்னு யாருப்பா சொல்லுவா?"

மேசை முழுக்கச் சிரிப்பு. காசிராஜன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தார்.

"மக்கா, எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பிரு. மானம் போவுது."

அனுப்பிவிடலாம். எல்லோரும் வயிறார உண்டு, நன்றாக இருந்தது என்பார்கள். ஹால் தப்பிக்கும். ஆனால் தப்பிப்பது அவள் நினைத்த விருந்தாக இருக்காது. வேல்விழி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முடியாது அண்ணாச்சி. ஒவ்வொண்ணாத்தான் போகும். நீங்க பரிமாறுங்க. வைக்கும்போதே சாப்பிடச் சொல்லுங்க."

"நானா? ஏழு தடவையுமா?"

"வீட்டுக்காரரு நீங்கதான?"

வைத்தவை எல்லாம் உள்ளே திரும்பின. ரசம் மறுபடி சூடானது. ("ஏலே, வச்சதையும் எடுக்கான்!" என்று ஒரு குரல். யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.) காசிராஜன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரசத்தோடு போனார்.

"ரசம் சாப்பிடுங்க, எல்லாரும்!"

"இது மட்டுந்தானா?"

"இது மொதப் பந்தி."

"அப்ப ரெண்டாம் பந்திக்கு எந்திரிக்கணுமா?"

"உக்காந்தே இரும்வே. பந்தி உம்மத் தேடி வரும்."

குவளைகள் காலியாகத் திரும்பி வந்தன. வேல்விழி ஒரு குவளையைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். ஒரு சொட்டும் இல்லை.

நான்காவது சுற்று பிரியாணி, ஒரு கரண்டி. (பிரியாணிக்குப் பேர்போன ஊரில் ஒரு கரண்டி மட்டும் வைக்கத் துணிச்சல் வேண்டும். என்னிடம் கிடையாது. அவளுக்குக் கொடுத்தேன்.)

"அண்ணாச்சி, இது சாப்பிடவா, மோந்து பாக்கவா?" என்றார் சித்தீக்.

"மோந்து பாத்துட்டுச் சாப்பிடும். ஏக்கத்தோட வீட்டுக்குப் போம்."

7

எல்லோரும் போனபின் காசிராஜன் சமையலறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கடைசியில்தான் சாப்பிடுவார்.

"எனக்காச்சும் மொத்தமா வச்சிரு. கண்ண இருட்டுது."

வேல்விழி அவர் முன்னால் ரசத்தை மட்டும் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு எடுத்துக் குடித்தார்.

இனி அவர் ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன்.

(அ) அடுத்த மாதம் இன்னும் இரண்டு மேசை சேர்க்க வேண்டும் என்கிறார்.

(ஆ) சாப்பாடு பிரமாதம், ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நம்பி ஒரு ஹாலை வைத்திருக்க முடியாது மக்கா என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

முதலாவதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது; அதனால் அதை நம்பவில்லை. இரண்டாவதை எழுதும்போது வேல்விழி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

இப்போது அவர் நான்காவது சுற்றில் இருக்கிறார். விரலை நக்கிவிட்டு, "இங்க பாரு மக்கா, நான் என்ன நெனைக்கேன்னா—" என்கிறார்.

இதற்குமேல் நீங்கள் எழுதுங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். இன்னும் மூன்று சுற்று இருக்கிறது. மனிதர் சாப்பிட்டு முடிக்கட்டும்.