பத்து கிலோமீட்டருக்குள் ஊட்டி

அறந்தாங்கியில் பிறந்து வளர்ந்துவிட்டு, தேனிலவுக்கு அதே புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே போன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதுவும் அரசுப் பேருந்தில்.

என் பெயர் வெற்றிசெல்வன். சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது வேலை. மிச்ச நேரத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிறேன். மூங்கில் பிரஷ், துணிப்பை, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. இன்ஸ்டாகிராமில் 'பசுமை வழிப்போக்கன்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். பாதிப் பேர் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். மீதிப் பேர் முடி வளரும் எண்ணெய் விற்கிறார்கள்.

கார்த்திகாவுக்குக் கீரனூர். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஆறு வருடமாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பெண் பார்க்கப் போன அன்றே, விமானம் எவ்வளவு புகை விடுகிறது என்று அவளிடம் கால் மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கீரனூர் பஸ்ஸுக்குப் பின்னாடி ஒருநாள் நின்னு பாத்திருக்கீங்களா?" என்றாள். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனியில் கல்யாணம். அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாளில் பதினேழு விருந்து. பெரியப்பா வீடு, அத்தை வீடு, அத்தைக்குச் சம்பந்தி வீடு. எல்லா வீட்டிலும் கோழி, எல்லா வீட்டிலும் ஆடு, எல்லா வீட்டிலும் "என்ன மாப்ள, எலையில ஒண்ணுமே காணோம்?" ராத்திரி அறைக்கு வந்து நானும் கார்த்திகாவும் பேசிக்கொண்ட ஒரே விஷயம், செரிமான மாத்திரையை எங்கே வைத்தோம் என்பதுதான்.

அடுத்த புதன்கிழமை ஆடி பிறக்கிறது. பிறந்ததும் அவளை அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நான் திங்கட்கிழமையே சென்னைக்குக் கிளம்ப வேண்டும். பிறகு ஆவணி வரைக்கும் போன்தான். மிச்சம் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

அவள் ஆசைப்பட்டது அந்தமானுக்கு. நான் விமானத்தில் ஏற மாட்டேன் என்று எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசியில் அவள்தான் இறங்கி வந்தாள்.

"சரி, நீங்க சொல்ற எடத்துக்கே வாரேன். ஆனா ஒரு கண்டிசன். இந்த ரெண்டு நாளும் நம்ம ரெண்டு பேரு மட்டுந்தான். திங்கக்கெழம பத்து மணிக்கு ரூமக் காலி பண்றதுக்குள்ள ஒரே ஒரு சொந்தக்காரவுக நம்மகூட ஒக்காந்து கை நனைச்சாலும், அடுத்த ட்ரிப்பு அந்தமான். பிளைட்டுல. சன்னல் வழியா மேகத்தப் போட்டோ எடுத்து ஒங்க பக்கத்துல நீங்களே போடணும்."

"நடக்கவே நடக்காது" என்றேன்.

ஹோட்டல் தேர்ந்தெடுப்பதில் நான் கெட்டிக்காரன். பதினோரு இடத்தை எக்செல்லில் போட்டு, ஐந்து தலைப்பில் ஐம்பது மதிப்பெண் வைத்து, ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில், "குளிக்கிற தண்ணியெல்லாம் எங்க போகுதுங்க?" என்று கேட்டேன். "தம்பி, ஒங்களுக்கு ரூம் வேணுமா, சாக்கடை வேணுமா?" என்றார்கள். இன்னொரு இடத்தில், "பசுமை ஹோட்டல்னு போட்டிருக்கீங்களே, என்ன செய்றீங்க?" என்றேன். "முன்னாடி பூரா பச்ச பெயிண்டு அடிச்சிருக்கோம் சார்" என்றார்கள்.

கடைசியில் கிடைத்ததுதான் செங்காட்டு இல்லம். கந்தர்வக்கோட்டை போகிற வழியில் முந்திரிக்காட்டுக்குள் இருந்தது. மண் கல் சுவர், கூரையில் சோலார், ஏசி கிடையாது. சமையலுக்கு வருகிற பொருள் எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள் விளைந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டேன். பத்து கிலோமீட்டருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு மட்டும் எக்செல்லில் தலைப்பு வைக்கவில்லை.

என் தாய்மாமன் அடைக்கலம் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்பது தெரியாமல் இல்லை. துபாயிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் திரும்பி வந்து, ஊரோடு இருக்கிறார். ஆனால் சொந்த ஊரில் இருக்கிற ஹோட்டலுக்குச் சொந்த ஊர்க்காரன் எவன் போவான்? அந்தத் தைரியம்தான். பதினெட்டாவது விருந்து அவர் வீட்டில் என்று இருந்தது. கிடாக்குட்டி கூடத் தயார். "ஊட்டிக்குப் போறோம் மாமா, டிக்கெட் போட்டாச்சு, ஆவணில வாரோம்" என்று போனில் சொல்லிவிட்டேன். மாமா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அன்று சாயந்திரமே அறந்தாங்கி வரைக்கும் பஸ் ஏறி வந்து ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஊட்டிக் குளிரு காதுல ஏறிக்கும் மாப்ள. ராத்திரி குல்லா போடாமப் படுக்காத."

சனிக்கிழமை காலையில் அதே ஸ்வெட்டர் பையில் இருக்க, முப்பத்தேழு டிகிரி வெயிலில் கிளம்பினோம். புதுக்கோட்டையில் இறங்கி, ராஜ வீதிகளை நடந்தே சுற்றிக் காட்டினேன். மன்னர் காலத்தில் நூல் பிடித்த மாதிரி போட்ட தெருக்கள், காரே தேவையில்லை, ஆதிகாலத்துப் பசுமை நகரம் என்று விளக்கினேன். கடைக்குக் கடை எங்கள் சனம் நிற்குமே என்று இரண்டு பேரும் மாஸ்க் போட்டிருந்ததால், நான் பேசியதில் பாதி அவளுக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதிக்கும் அவள் பதில் சொல்லவில்லை. பிறகு இன்னொரு பஸ். இறங்கிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. ஆட்டோக்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே உருட்டிக்கொண்டு வந்து, "சும்மாவாச்சும் ஏறிக்கங்க தம்பி, அந்தப் புள்ளையப் பாக்கப் பாவமா இருக்கு" என்றார். கொள்கைப்படி மறுத்தேன். கார்த்திகா என்னைப் பார்த்த பார்வையில் கொள்கை கொஞ்சம் கருகியது.

அறை சுட்டது. மேனேஜர் சேரன் என் வயதுக்காரன்தான், கந்தர்வக்கோட்டைப் பையன்.

"சன்னலத் தொறந்தா நல்லா காத்து வரும் சார்."

"தொறந்துதானே இருக்கு. வரலயே?"

"காத்து அடிச்சா வரும் சார்."

சாப்பிடும் கூடத்தில் ஒரு கரும்பலகை. எந்தப் பொருள் யாரிடமிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கார்த்திகாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"கீரை, செவந்தி, மூணு கிலோமீட்டர். பால், ராசாத்தி, நாலு கிலோமீட்டர். நாட்டுக்கோழி முட்டை, அடைக்கலம், ஆறு..."

"அடைக்கலமா?"

"அட, இந்த மாவட்டத்துல தெருவுக்கு நாலு அடைக்கலம் இருப்பாங்க. எங்க மாமா கோழியெல்லாம் வளக்கல. துபாய்க் காச வச்சுக்கிட்டு சும்மாதான் இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வாசலில் ஒரு மொபெட் சத்தம். முட்டை வந்துவிட்டது என்று சேரன் சொன்னான். நான் அறைக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் பசுமை வழிப்போக்கனுக்கு விளைவித்தவரோடு ஒரு படம் வேண்டுமே. போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் குனிந்து, வைக்கோல் கூடையிலிருந்து முட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்கிட்டுத் திரும்புங்கண்ணே. ஒரே ஒரு போட்டோ."

அவர் திரும்பினார். நானும் படத்தை எடுத்துவிட்டேன். இன்னும் என் போனில் இருக்கிறது. மாமாவின் இரண்டு கையிலும் முட்டை, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

மாமாதான் முதலில் பேசினார்.

"ஊட்டில குளிரு எப்படி மாப்ள?"

"மாமா..."

"குல்லாயக் காணோம்?"

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடையில் திரும்ப வைத்தார்.

"ஒங்க அத்த வாய் ஓயாமக் கேக்குறா, புள்ளைக ஊட்டி போய்ச் சேந்துருச்சுகளான்னு. நேத்து டிவில அங்க மழன்னு சொன்னானா, அதுலேர்ந்து ஒரே பொலம்பல். எங்க வீட்டுச் சோறு பிடிக்கலன்னா நேரா சொல்லிருக்கலாம்ல? ஆறு கிலோமீட்டரு. எட்டி நின்னு கூப்புட்டாக் கேக்கும்."

எனக்கு மூன்று பொய் தோன்றியது. மலையில் மண் சரிவு, டிக்கெட் கேன்சல், அலுவலக வேலை. மூன்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். காது குத்தும்போது என்னை மடியில் வைத்திருந்த மனுசனிடம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அதெல்லாம் இல்ல மாமா. அவளும் நானும் இன்னும் பேசவே இல்ல மாமா."

"சண்டையா?"

"சண்ட போடக்கூட நேரம் கெடைக்கல. எங்க போனாலும் பத்துப் பேரு. புதன்கெழம ஆடி. ரெண்டே நாளு, யாரும் இல்லாம இருக்கணும்னு அவ கேட்டா. நாந்தான் ஊட்டின்னு சொல்லிட்டேன். அவ சொல்லல."

மாமாவிடம் இப்படி ஒரு விஷயத்தைச் சொல்வதற்குப் பதில் கிணற்றில் குதிக்கலாம். மாமாவும் அப்படித்தான் நின்றார். என்னைப் பார்க்காமல் மொபெட்டின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

"நான் கல்யாணமாகி நாப்பதாவது நாளு துபாய்க்கு ஏறுனேன்" என்றார் கண்ணாடியிடம். "நாப்பது நாளும் விருந்து. ஒங்க அத்தைக்குப் பூண்டு ஆகாதுங்கறதே எனக்குத் துபாய்க்கு வந்த லெட்டர்லதான் தெரியும்."

வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார்.

"நான் ஒன்னையப் பாக்கல. நீ ஊட்டில இருக்க."

அறைக்கு ஓடிப்போய்க் கார்த்திகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு மாமா சித்தப்பா முறை. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, சித்தப்பா மனசு என்ன பாடு பட்டுச்சோ. சரி, கை நனைச்சாரா?"

"இல்ல. தண்ணிகூடக் குடிக்கல."

"அப்ப கணக்குல வராது" என்றாள். முகத்தில் லேசாக ஒரு வருத்தம் தெரிந்தது. மாமாவுக்காகவா அந்தமானுக்காகவா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்குச் சித்தன்னவாசலுக்குச் சைக்கிளில் போவதாகத் திட்டம். போகவில்லை. குளத்தங்கரையில் ஒரு புங்க மரத்தடியில் காலை பதினொன்றிலிருந்து சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தால் பயம், அதனாலேயே வீம்புக்கு லேப் வேலைக்குப் போனாளாம். எனக்கு நீச்சல் தெரியாது என்பதைச் சொன்னேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியாத விஷயம் அது.

"அந்தமான்ல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்தமான்ல என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? ஆறு வருசமா பஸ்ஸுல போறேன். கீரனூர்ல ஏறும்போதே படியில ஆளு தொங்கும். சன்னல் சீட்டுன்னு ஒண்ணுல நான் ஒக்காந்ததே இல்ல. பிளைட்டுன்னா டிக்கெட்டுலயே நம்பர் போட்டுக் குடுத்துருவாகளாம். யாரும் வந்து, கைப்புள்ளைக்காரி நிக்கிறா, எந்திரின்னு சொல்ல மாட்டாகளாம்."

பெண் பார்த்த அன்று கால் மணி நேரம் பேசினேன் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஐந்து நிமிடம், பொதுப் போக்குவரத்தில் போகிற சுகத்தைப் பற்றி. இவளிடம். சுகத்தைப் பற்றி.

திங்கட்கிழமை மாமா வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தார். நாங்கள் பையைக் கட்டி வைத்துவிட்டு, கடைசியாக இட்லி சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சன்னல் வழியாகப் பார்த்தால், மாமா துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, சேரனிடம் முந்திரிக்காடு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க மருமகன் ஊட்டில இருக்காப்ல தம்பி! இங்கிட்டு யாரையும் நான் பாக்கல!"

"சரிங்கண்ணே. எதுக்கு இப்புடிக் கத்துறீங்க?"

"இந்தா, ஒரு தூக்கு. கறிக்கொழம்பு. ஊட்டிக்குப் போற ஆளு யாராச்சும் இருந்தா குடுத்துவிடுங்க!"

"இங்கேர்ந்து ஊட்டிக்கு யாருண்ணே போறா?"

"ஒனக்கெதுக்கு அந்தக் கேள்வி? வாங்கி உள்ள வையி!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கார்த்திகா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பது. எழுந்து சன்னலுக்குப் போனாள்.

"சித்தப்பா! ஊட்டிக்கு வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

துண்டு அப்படியே நின்றது.

"இல்லம்மா, நீங்க ரெண்டு பேரும்..."

"நாங்க ரெண்டு பேரும் நல்லா பேசியாச்சு. வாங்க. இங்க செம குளிரு, நிக்காதீங்க."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு உள்ளே வந்தார். கார்த்திகா அவருக்கு ஒரு இலை போட்டு இட்லி வைத்து, அவர் கொண்டுவந்த தூக்கையே திறந்து குழம்பை ஊற்றினாள். அவர் கை கழுவினார். ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். ஒன்பது நாற்பத்தேழு.

கார்த்திகா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லா சாப்பிடுங்க சித்தப்பா. இன்னும் ரெண்டு வைக்கவா?"

"போதும்த்தா. கொழம்புல பூண்டு போடல, பாத்தியா?" என்று என்னிடம் சொன்னார். "கெடா ஆவணி வரைக்கும் ஒங்களுக்காக நிக்கும். இது கடையில வாங்குன கறி."

பையிலிருந்து ஸ்வெட்டரையும் குல்லாவையும் எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"இருக்கட்டும் மாப்ள. அடுத்து எங்கயாச்சும் போவீகள்ல?"

"அந்தமானுக்குப் போறோம் சித்தப்பா" என்றாள் கார்த்திகா. "பிளைட்டுல."

"பிளைட்டுக்குள்ள ஏசி போட்டு நடுங்க வச்சிருவான். அப்ப கண்டிப்பா வேணும்" என்று மாமா குல்லாவை மடித்து என் பைக்குள்ளேயே திணித்தார்.

பசுமை வழிப்போக்கன் பக்கத்தில் இதை எப்படி எழுதுவது என்று நான் மனசுக்குள் ஒரு வரி கோத்துப் பார்த்தேன். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று ஆரம்பித்தது. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"ரொம்ப யோசிக்காதீங்க. போட்டோ மட்டும் போட்டா போதும். ஆனா இப்பவே சொல்லிர்றேன், சன்னல் சீட்டு எனக்குத்தான். நீங்க நடுவுல ஒக்காந்து எட்டி எடுத்துக்கங்க."