கேரட்டுக்குள் போகாத வெளிச்சம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு புகாரில். நான் வாங்கிய ஜூஸ் பாட்டிலில் 'ஒளியால் கிருமி நீக்கியது' என்று போட்டிருந்தது. கதை விடுகிறார்கள் என்று நினைத்து லேபிளில் இருந்த எண்ணுக்கு போன் அடித்தேன். எடுத்தவள் அந்த ஜூஸ் கம்பெனியில் தரம் பார்ப்பவள். கதை விடுவது என் தொழில், அளப்பது அவள் தொழில் என்று புரியவைத்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

2

புற ஊதா விளக்கு ஒரு நீலத் தேவதையைப் போல...

(வேண்டாம். அது கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும் கதிர். மூடிய குழாய்க்குள்தான் எரியும். மூடியைத் திறப்பதென்றால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கிட்டவே போவாள். தேவதையைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

3

முதலாளி அவளுடைய அக்கா கணவர். ஆப்பிள் ஜூஸ் நன்றாகப் போனதும் அதே இயந்திரத்தில் கேரட்டையும் ஓட்டினார். முதல் சரக்கு ஓர் ஆஸ்பத்திரிக்கு. விளக்கு முழு பலத்தோடு எரிவதாக மீட்டர் காட்டியது. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கலங்கலான ஜூஸின் ஒவ்வொரு துளிக்கும் எவ்வளவு ஒளி போய்ச் சேர்ந்தது என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்? தீங்கில்லாத கிருமியைக் கொஞ்சம் ஜூஸில் கலந்து, தனியாக ஓட்டி, வெளியே வந்ததை வளர்த்துப் பார்த்தாள். பெரும்பாலும் பிழைத்திருந்தது.

4

"விளக்குதான் எரியுதே?" என்றார்.

"எரியுது அத்தான். உள்ள போகலை. கேரட் வழியிலேயே முழுங்கிடுது."

மெதுவாக ஓட்டலாமே என்றார். அப்படிச் செய்தால் விளக்கை ஒட்டிப் போவது ருசி கெடும், தள்ளிப் போவது அப்படியே இருக்கும், ஒளி மறுபக்கம் வரை எட்ட மெல்லிய குழாய் வேண்டும் என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா, தங்கை பக்கமும் சாயவில்லை, கணவர் பக்கமும் சாயவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு தடவைக்கு என்ன ஆயிடப் போகுது?"

"அங்க படுத்திருக்கிறவங்ககிட்ட போய்க் கேளுங்க."

5

இங்கே அத்தான் கண்கலங்கித் திருந்துவதாக எழுதினேன். போனில் படித்துக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். கேரட் ஜூஸோடு லாரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவதாக மாற்றினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான்: சரக்கை அனுப்பலாம் என்ற தாளில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். கேரட் ஜூஸ் மொத்தமும் சாக்கடைக்குப் போயிற்று, ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் போயிற்று. அத்தான் அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் மெல்லிய குழாயை வாங்கி மாட்டினார்.

6

புதுக் குழாய் சோதனையில் தேறியதா? முடிவு இன்னும் வரவில்லை. 'தேறியது' என்று எழுத எனக்கு ஒரு நொடி போதும். அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அளக்காம எழுதாதீங்க."

ஆகவே இடத்தைக் காலியாக விடுகிறேன். விருப்பப்படி நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் டம்ளர் மட்டும் நீங்கள்தான் குடிக்க வேண்டும்.