ஒரு சாண் இடம்

கீழ்வானில் கதிரவன் எழுந்து, ஆற்றின்மேல் படர்ந்திருந்த வெண்பனியை மெல்ல விலக்கி, கரையோரத்துப் புகைபோக்கிகளின் தலைகளுக்குப் பொன் பூசி, பாலத்தைக் கடந்து, பணிக்கு விரையும் மாந்தர்தம் முதுகுகளில் வெயிலை ஏற்றி, இறுதியில் அச்சகத் தெருவுக்குள் அடியெடுத்து வைக்கும் அந்த இளங்காலைப் பொழுதில், அத்தெரு முழுதும் மையின் மணமும் ஈயத்தின் மணமும் புதுத்தாளின் மணமும் ஒன்றாய்க் கலந்து கமழும். சாளரந்தோறும் பொறிகள் தடதடக்கும். படிதோறும் தாட்கட்டுகள் ஏறியிறங்கும். கற்றறிந்த நண்பரே, அத்தெருவின் ஏழாம் கட்டடத்து மாடியறைக்கு என்னோடு வாரும். அங்கே ஒரு மேசை உண்டு; அதன் இருபுறமும் எதிரெதிராய் இரண்டு முக்காலிகள் உண்டு; ஒன்றில் ஒரு கைம்பெண்ணும் மற்றொன்றில் ஒரு கட்டைப் பிரம்மசாரியும் ஏழாண்டுகளாக அமர்ந்திருக்கின்றனர்.

அவர்களுடைய தொழிலைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் அனுப்பிய கைப்படியை அவள் வாய்விட்டுப் படிப்பாள். கோத்து எடுத்த அச்சுத்தாளாகிய மெய்ப்பை அவர் சிவப்புக் கரிக்கோலோடு பார்த்துக்கொண்டே வருவார். எழுத்து பிறழ்ந்தால் சுழிப்பார், வரி விடுபட்டால் கையை உயர்த்துவார். சொற்களை மட்டுமன்று, குறிகளையும் அவள் படித்தாக வேண்டும். 'அவள் நாணினாள் கமா நிலத்தைப் பார்த்தாள் கமா பின் புன்னகைத்தாள் புள்ளி புதுப்பத்தி' என்று, அளந்து கொட்டும் நெல்லைப்போல் ஏற்றமும் இறக்கமும் இன்றி ஓதுவாள். காற்புள்ளியைக் 'கமா' என்று சொல்லலாமா என நீர் முகஞ்சுளிக்க வேண்டா. அச்சகத்தாரின் வாயை நானும் நீரும் மாற்ற இயலாது.

இத்தொழிலுக்கு ஓர் இரும்புக் கட்டளை உண்டு: பொருளைப் படிக்கலாகாது. பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும். ஆகவே அவள் கண்ணிலிருந்து நாவுக்கு நேரே ஒரு வழி வெட்டி, நெஞ்சின் பக்கம் திரும்பும் வழியை அடைத்தே வைத்திருந்தாள். அவ்வச்சகம் திங்களுக்கு ஒன்றாக வெளியிட்டதோ காதற் புதினங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கைம்பெண். ஒவ்வொருத்திக்கும் மழையிலோ தொடர்வண்டியிலோ எதிர்பாராத ஒருவன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மறுமணம். ஏழாண்டில் எண்பத்து நான்கு கைம்பெண்களைத் தன் வாயாலேயே மணமேடை ஏற்றிவிட்டு, ஒருத்தியின் முகமும் நினைவின்றி மாலையில் வீடு திரும்புவாள்.

வீட்டில் மாமியார் இருந்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்த வழக்கெல்லாம் அவ்வீட்டில் இல்லை; யார் உடைத்தாலும் இருவருமாகக் கூட்டி அள்ளிவிடுவர். எட்டாண்டுக்கு முன் ஒரே நாளில் ஒருத்தி மகனையும் ஒருத்தி கணவனையும் இழந்தபின், அவர்களிடையே சண்டை மூட்டிவிடக்கூட மூன்றாம் ஆள் இல்லாது போயிற்று. இறந்தவனின் தோற்செருப்பை மட்டும் வாசற்படியின் நடுவில் வைத்திருந்தார்கள். வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இருப்பதாகத் தெருவில் போவோர் எண்ணட்டும் என்பது முதல் எண்ணம். பிறகு அது பழக்கமாயிற்று. ஞாயிறுதோறும் மருமகள் அதற்கு மெருகிடுவாள். அறுந்துபோன இடது வாரை மாமியார் நீல நூலால் தைத்திருந்தார்.

ஊர்திகள் ஓடாத ஒரு வேலைநிறுத்த நாளில், மெய்ப்பாளர் அவளுக்குத் துணையாக வீடுவரை நடந்து வந்தார். மழையும் இல்லை, மின்னலும் இல்லை, புதினக்காரர்கள் பொறுத்தருள்க. வாசலில் செருப்பைக் கண்டதும் அவர் தயங்கி நின்றார்.

"வீட்ல ஆள் இருக்காங்க போல. நான் அப்படியே கிளம்பறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் வச்சிருக்கோம். போட்டுக்க ஆளில்லாத செருப்புங்க அது" என்று சொல்லி, மெருகும் நீல நூலும் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெடுநேரம் அச்செருப்பையே பார்த்து நின்றுவிட்டுப் போனார். அன்று முதல் அவருக்கு உறக்கம் கெட்டது.

நேரில் கேட்க அவருக்கு நாவெழவில்லை. நாற்பத்து மூன்று வயதுவரை பிறர் பிழையைத் திருத்தியே வாழ்ந்தவர், தாம் ஒரு பிழை செய்துவிடுவோமோ என்று அஞ்சினார். ஆகவே ஒரு தாளில் தம் உள்ளத்தைப் புதின நடையில் எழுதி, மறுநாள் படிக்கவேண்டிய கைப்படிக் கட்டின் நடுவில் செருகினார். எழுத்தாளர் சொல்லச் சொல்ல மூவர் எழுதுவது வழக்கமாதலால், கையெழுத்து மாறுவது அக்கட்டில் புதிதன்று. ஆனால் அவள் கண்டுகொள்வாள், பாதியில் நாத்தடுமாறி நிமிர்ந்து பார்ப்பாள், அந்தப் பார்வையில் விடை தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். பாவம், நல்ல மனிதர்.

அவள் அத்தாளை எடுத்தாள். படித்தாள். "அவள் ஞாயிறுதோறும் கமா ஓர் ஆணின் செருப்புக்கு மெருகிடுகிறாள் புள்ளி அதை அணிய ஆளில்லை புள்ளி அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வையென்று சொல்ல கமா இவனுக்கு உரிமையில்லை புள்ளி..." என்று இறுதி வரிவரை ஓதினாள். ஐயோ, குரலில் ஓர் அசைவு வேண்டுமே! இல்லை. செவிடன் காதில் சங்கு ஊதியதாகச் சொல்வார்கள். இங்கோ சங்கை ஊதியவளே செவிடாக இருந்தாள். மெய்ப்பில் இல்லாத தாள் அது. அவர் கையை உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தவில்லை. கட்டு முடிந்ததும் அவள் வழக்கம்போல் கேட்டாள்.

"சரிதானே?"

அவர் முகத்தில் குருதி இல்லை. "சரிதான்" என்றார்.

அவள் கட்டை நூலால் கட்டிக் கீழே அனுப்பிவிட்டாள். தம் வேண்டுகோளைத் தம் முகத்துக்கு நேரே படித்துக் காட்டி, மறுமொழியின்றிக் கட்டிவைத்துவிட்டாள் என்றே அவர் கொண்டார். இதைவிட நயமான மறுப்பு உலகில் உண்டா? மறுநாளே, அதே அச்சகத்தார் துறைமுக நகரில் நடத்தும் கிளைக்குத் தம்மை மாற்றும்படி எழுதிக் கொடுத்தார். வரும் சனிக்கிழமை நண்பகல் வண்டி என்று முடிவாயிற்று.

கீழ்த்தளத்தில் அச்சுக்கோக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். அவரை எல்லாரும் விடாக்கண்டர் என்பர். ஒரு தாளும் விட்டறியாதவர் என்பதால் வந்த பெயர். அவர் கட்டை எண்ணுகையில் ஒரு தாள் கோக்கப்படாது கிடக்கக் கண்டு, தம் ஆட்களே விட்டுவிட்டனர் என்று வெட்கி, வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்று ஒருவரிடமும் சொல்லாமல், தம் கையாலேயே அதைக் கோத்து உரிய இடத்தில் நுழைத்துவிட்டார். ஈராயிரம் படிகள் அச்சாகித் தைத்து அட்டையிடப்பட்டன.

அந்த வாரத்தில் மேசைக்கு எதிரே இருந்தவர் ஏனோ பேசவில்லை. அவள் தேநீர் நீட்டினால் வேண்டாம் என்றார். மாற்றலாகிப் போகிறார் என்று முதலாளி வாயால் கேட்டபோது அவள் திடுக்கிட்டாள். ஏன் திடுக்கிட வேண்டும் என்று எண்ணியபோது இன்னும் திடுக்கிட்டாள். எண்பத்து நான்கு காதல்களை ஓதிய நாவுக்குத் தன் நெஞ்சில் வலிப்பது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. 'ஏன் போறீங்க' என்று இரண்டு சொல் கேட்க வாய்திறந்து, 'அடுத்த கட்டை எடுக்கட்டுமா' என்று கேட்டு மூடிக்கொண்டாள்.

வெள்ளி மாலை, பணியாளருக்கு உரிய இலவசப் படியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாமியார்தாம் அப்புதினங்களின் பெரும்பற்றாளர். மருமகள் அவரைக்காய் நறுக்க, மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் படிப்பதும், இடையிடையே கதைமாந்தரைத் திட்டுவதும் அவ்வீட்டின் மாலைப்பொழுது. அன்றும் அப்படித்தான் படித்து வந்தார். எழுபத்தொன்பதாம் பக்கம் திரும்பிற்று. குரல் நின்றது.

"அடியே, இது என்னடி?"

"என்ன அத்தை?"

"செருப்பு! நம்ம வீட்டுச் செருப்புடி! நீல நூல் போட்டுத் தச்சது நான். இடது வாரு. இதுல அப்படியே இருக்கு!" புத்தகம் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "என் பிள்ளை செருப்பை ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் காட்டினது எவன்? நீ படிக்காம அங்க ஒரு வரி போகாதே. இதை நீ படிக்கலியா?"

அவள் புத்தகத்தை எடுத்தாள். ஏழாண்டில் முதல்முறையாக ஒரு பக்கத்தைப் பொருளோடு படித்தாள். ஒவ்வொரு வரியும் தன் குரலிலேயே, தன் வாயிலிருந்தே, அந்த இழவெடுத்த 'கமா'க்களோடு நினைவில் எழுந்து வந்து அறைந்தது. கையிலிருந்த கத்தி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தான் அத்தை படிச்சேன். அவர் எதிர்லயே உக்காந்து படிச்சேன். ஒரு கமா விடாம படிச்சேன்."

"படிச்சு?"

"'சரிதானே'ன்னு கேட்டேன். 'சரிதான்'னாரு. கட்டிக் கீழே அனுப்பிட்டேன்." அவள் விம்மினாள். "நாளைக்கு மத்தியானம் ஊரை விட்டே போறாரு அத்தை."

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இறந்தவனைப் பெற்றவள் அவர். இத்தனை நாளும் புதினத்துக் கைம்பெண்களுக்கு மணமாகவில்லையே என்று பதறியவர். தம் வீட்டுக் கைம்பெண் ஒருத்தி காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருந்தது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவ்வுண்மை இப்போது உறைத்தது. தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருமகள் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே அழும் ஒலியைக் கேட்டு, தானும் அழுதாள்.

விடிந்தது. அவள் பணிக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தவள் அலறிவிட்டாள். படியின் நடுவில் செருப்பு இல்லை! எட்டாண்டு அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. பதறித் தேடியவள் கண்டாள்: செருப்பு அங்கேதான் இருந்தது, இடப்பக்கமாக ஒரு சாண் தள்ளி, சுவரோடு ஒட்டி. வெளுத்திருந்த அந்த இடத்தை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

"நான்தான் தள்ளி வச்சேன்." உள்ளிருந்து மாமியாரின் குரல் கரகரத்து வந்தது. "எடுத்து உள்ள வைக்க மனசு வரல. அதை அவரும் கேக்கலியே. கேட்டது அவ்வளவுதானே? போ, மசமசன்னு நிக்காதே. வண்டி நமக்காக நிக்காது."

மாடியறையில் மெய்ப்பாளர் தம் சிவப்புக் கரிக்கோல்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்தவள் தன் முக்காலியில் அமர்ந்து, புத்தகத்தைப் பிரித்தாள். அவர் மேலட்டையைக் கண்டார். எழுபத்தொன்பதாம் பக்கத்தைக் கண்டார். தம் சொற்கள் கருநிற அச்சில் நிற்பதைக் கண்டு, பேயறைந்தவர் ஆனார்.

"இது... இது எப்படி..."

"குறுக்கே பேசாதீங்க. படிக்கறப்போ பேசக்கூடாது."

அவள் படித்தாள். "அவள் ஞாயிறுதோறும் ஓர் ஆணின் செருப்புக்கு மெருகிடுகிறாள். அதை அணிய ஆளில்லை. அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வையென்று சொல்ல இவனுக்கு உரிமையில்லை. இடது வாரில் நீல நூலால் தைத்த கையின்மேல் இவனுக்கு மதிப்பு உண்டு. அதன் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைக்க ஒரு சாண் இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறான்."

ஒரு காற்புள்ளியையும் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு முறை குரல் உடைந்தது; ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தவறவிட்டுத் திரும்பப் படித்தாள். ஏழாண்டில் அவள் செய்த முதற்பிழை அது. அவர் அதைச் சுழிக்கவில்லை.

"சரிதானே?" என்று அவர் கேட்டார். கேட்டது அவர்தாம்.

"சரிதான். அத்தை காலையிலேயே துடைச்சு வச்சுட்டாங்க."

நண்பகல் வண்டி அவரின்றிப் போயிற்று. இப்போது அவ்வாசலில் இரண்டு இணைச் செருப்புகள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் இரண்டுக்கும் மெருகிடுபவர் மாமியார். அப்புதினத்தை எழுதியவருக்கோ, எழுபத்தொன்பதாம் பக்கத்தைப் படித்து அழுதோம் என்று மடல்கள் வந்து குவிந்தனவாம். அவரும் அப்பக்கம் எதுவென்று அறியாமலே நன்றி எழுதினாராம்.

நண்பரே, நமக்கென்றே எழுதப்பட்ட தாள்கள் நம் கையிலும் வந்து போகின்றன. ஒரு குறியும் விடாமல் ஓதி, நூலால் கட்டி, கீழே அனுப்பிவிட்டு, நாமும் வேலை முடிந்ததென்று எழுந்து போகிறோம். நம் எல்லார்க்கும் ஒரு விடாக்கண்டர் வாய்ப்பதில்லை.